தொப்பியின் கீழே ஆறிய தேநீர்

போன குளிர்காலம், ஒரு சனிக்கிழமை பிற்பகல். லண்டனின் விம்பிள்டனில் ஒரு பழைய தியேட்டர். சிவப்பு வெல்வெட் கதிரைகள், முழங்கால் முன்கதிரையில் இடிக்கிற நெருக்கம். வெளியே மழை. நனைந்த கம்பளிக் கோட்டுகளின் மணம் அரங்கு முழுவதும் நின்றது. எனக்கு இடப்பக்கத்தில் என் தங்கை வதனி.

மேடையில் ஒரு தொப்பிக் கடை. சுவரெல்லாம் தொப்பிகள். ஆனால் தொப்பி வாங்க அங்கே ஒருவரும் வரவில்லை. மேசைக்கு மேசை ஆணும் பெண்ணுமாக இருந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று வாசல் மணி அடிக்கிறது. பொலிஸ்! கண்மூடித் திறப்பதற்குள் ஒவ்வொரு கிளாஸின் மேலும் ஒரு தொப்பி கவிழ்ந்துவிடுகிறது. பருத்த பொலிஸ்காரர் ஒருவர் உள்ளே வந்து மூக்கை உயர்த்தி மணம் பிடிக்கிறார்.

கடைக்காரி ரூபி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொல்கிறாள்: "இங்கே தொப்பி மட்டும்தான் விற்கிறோம், ஐயா. உங்கள் தலைக்கு அளவு பார்க்கட்டுமா?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வசனம், அதே கணத்தில், என் இடது காதுப் பக்கம் வெறும் மூச்சாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வதனியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

கிட்டத்தட்ட முப்பது வருடம். ஒரு சொல்லையும் அவள் மறக்கவில்லை.

என் கோட்டின் உள்பையில் ஒரு கடித உறை இருந்தது. அதை அன்று அவளிடம் கொடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் வீட்டிலிருந்து புறப்பட்டிருந்தேன். கை அடிக்கடி அந்தப் பைக்குப் போய்ப் போய் வந்தது.

குடிக்காதவன் செய்த குடிகேடு

அப்டன் பார்க்கில் நான் நடத்திய மதுக் கடையைப் பற்றி இந்தப் பக்கங்களில் முன்பே எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் தொலைபேசியில் கேட்டார்: "இவ்வளவு காலமும் குடிவகை வித்த மனுசன், ஒரு சொட்டும் வாயிலை வைச்சதில்லை எண்டு எழுதியிருக்கிறியள். உண்மையே?"

உண்மைதான். ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. குடிக்கிறவன் செய்கிற குடிகேட்டை ஊரே பார்க்கும். குடிக்காதவன் செய்கிற குடிகேடு வீட்டுக்குள்ளேயே கிடக்கும்.

அந்த இசை நாடகத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஐம்பதுகளில் மேடையேறியது. கதை நடப்பது அதற்கும் முந்திய காலத்தில், அமெரிக்காவில் மதுவைத் தடைசெய்திருந்த ஆண்டுகளில். விற்கக் கூடாது, காய்ச்சக் கூடாது என்று சட்டம். சட்டம் வந்ததும் சனம் குடியை விட்டுவிட்டதா? பூக்கடைக்குப் பின்னால் குடித்தது, நிலவறையில் குடித்தது, தேநீர்க் கோப்பையில் ஊற்றிக் குடித்தது.

அந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இது வியப்பே இல்லை. என்னிடம் பிராந்தி வாங்க வந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அதைத் தமிழ்ப் பத்திரிகையில் சுற்றித்தான் கொண்டுபோவார்கள். பேப்பர் தீர்ந்துவிட்டது என்று ஒருநாள் சொன்னதற்கு, ஒரு பெரிய மனிதர் திரும்பிப் போய்ப் பக்கத்துக் கடையில் ஒரு கட்டுக் கீரை வாங்கிவந்து அதற்குள் போத்தலை நுழைத்தார். இங்கே தடையுமில்லை, பொலிஸுமில்லை. ஆனாலும் நாங்கள் ஒளித்தோம்.

சமையலறைப் பொலிஸ்

நான் முதலில் லண்டனுக்கு வந்தேன். இரண்டு வருடம் கழித்து வதனியைக் கூப்பிட்டேன். அப்பா இல்லை. அம்மா யாழ்ப்பாணத்தில், சண்டைக்கு நடுவில். கடிதம் போய்ச் சேர மாதம் ஆகும், அதுவும் சேர்ந்தால். ஆகவே வதனிக்கு இங்கே தாயும் நான், தகப்பனும் நான். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. அந்த வயதில் ஒருவனிடம் இவ்வளவு அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது.

வதனி பகலில் ஒரு பேக்கரியில் பெட்டி கட்டினாள். மாலையில் பார்க்கிங் என்ற அயலூரில் ஆங்கில வகுப்பு. வகுப்பு எடுத்த மிஸிஸ் ஹார்ட்லி என்ற பெண்மணி ஒரு நாடகக் குழுவும் வைத்திருந்தார். தபால்காரர், பல் வைத்தியரின் வரவேற்பறைப் பெண், ஓய்வுபெற்ற பஸ் சாரதி என்று ஆட்கள். வருடம் ஒருமுறை தேவாலய மண்டபம் ஒன்றில் மூன்று நாள் நாடகம் போடுவார்கள்.

ஒருநாள் வதனி மூச்சிரைக்கக் கடைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணை, மிஸிஸ் ஹார்ட்லி எனக்கு ரூபியைத் தந்திட்டா!"

"ஆரடி ரூபி?"

"தொப்பிக் கடைக்காரி. நாடகமே அவதான்."

"உன்ரை இங்கிலீசை வைச்சுக்கொண்டோ?"

"அவ சொல்றா, அந்தக் காலத்து அமெரிக்காவிலை எல்லாரும் கப்பலிலை வந்து இறங்கின ஆக்கள்தானாம். ரூபி எந்த ஊர்க்காரியாயும் இருக்கலாமாம். என்ரை பாட்டைக் கேட்டிட்டு எழும்பி நிண்டு கைதட்டினவ, அண்ணை."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு அன்று சந்தோசமாகத்தான் இருந்தது. வெற்றுப் போத்தல்களைக் கழுவி இரண்டு பெட்டி நிறையக் குழுவுக்குக் கொடுத்தது நான்தான். விஸ்கிக்குப் பதிலாக ஆறிய வெறும் தேத்தண்ணியை ஊற்றுவார்கள் என்று தெரிந்ததும், எந்தச் சாயத்தில் ஊற்றினால் எந்தச் சாதி விஸ்கி மாதிரி இருக்கும் என்று பாடம் எடுத்ததும் நான்தான்.

வீட்டில் ஒத்திகையும் நடந்தது. எங்கள் இரண்டறை வீட்டின் சமையலறை மேசையில் தம்ளர்கள். தொப்பிக்குப் பதிலாகச் சட்டி மூடி, சோற்றுக் கோப்பை, மா அரிக்கிற அரிதட்டு. பொலிஸ்காரர் நான். கதவுக்கு வெளியே நின்று மணி அடிக்கிற மாதிரிக் கரண்டியால் தட்டிவிட்டு உள்ளே வர வேண்டும்.

"பொலிஸ் இப்பிடிச் சிரிச்சுக்கொண்டு வரமாட்டான் அண்ணை. முகத்தை இறுக்கி வைச்சிருங்கோ."

நான் முகத்தை இறுக்கிக்கொண்டு ஒவ்வொரு மூடியாகத் தூக்குவேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தொப்பி வசனத்தைச் சொல்வாள். பிறகு கடைசிப் பாட்டு. எல்லோரும் போன பின் ரூபி தனியாக நின்று, தொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் மாட்டிக்கொண்டே பாடுவது. அதை வதனி அரிதட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாடுவாள். அடுப்பில் பருப்புப் பொங்கி வழிந்தாலும் நிறுத்தமாட்டாள்.

அந்த ஆறு கிழமைகளை, அந்த ஒன்றரை மாதத்தைப் போல ஒரு சந்தோசம் அந்த வீட்டில் அதற்கு முன்பும் இருக்கவில்லை, பின்பும் இருக்கவில்லை.

கடைக் கண்ணாடியில் ஒரு படம்

நாடகத்துக்குச் சுவரொட்டி அடித்தார்கள். நடுவில் வதனி. நெற்றியில் மணி கோத்த பட்டி, தலையில் தொப்பி, கையில் உயர்த்திய கிளாஸ். ஒன்றை நானே வாங்கிவந்து கடைக் கண்ணாடியில், ஜின் போத்தல்களுக்கு மேலே ஒட்டினேன். இதைத்தான் சொந்தச் செலவில் சூனியம் வைப்பது என்பார்கள்.

அந்த நாட்களில் வதனிக்கு ஒரு கலியாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. விம்பிள்டன் பக்கம் ஒரு குடும்பம். பெடியன் எஞ்சினியர். அவனுடைய சித்தப்பா எங்கள் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வருவார். சனிக்கிழமைகளில் பிராந்திக்கு வருவார்.

ஒரு சனிக்கிழமை வாசலில் நின்று படத்தை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, அது உம்மடை தங்கச்சியே?"

"ஓம், ஐயா. நாடகம்."

"கையிலை என்ன?"

"தேத்தண்ணி, ஐயா. விஸ்கி மாதிரிக் காட்டுறதுக்கு."

"எங்களுக்குத் தெரியும் தேத்தண்ணி எண்டு. சனத்துக்குத் தெரியுமே?"

சொல்லிவிட்டுப் பிராந்திப் போத்தலைப் பத்திரிகையில் சுற்றச் சொன்னார். நானும் சுற்றிக் கொடுத்தேன். போகும்போது, "பெண்பிள்ளையின்ரை விசயம், பாத்துச் செய்யும்" என்றார்.

அவர் கையில் இருந்தது அசல். என் தங்கையின் கையில் இருந்தது தேத்தண்ணி. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். அவர் தெருமுனை திரும்பியதும் கண்ணாடியிலிருந்து படத்தை உரித்தேன். ஒரு மூலை கிழிந்து ஒட்டிக்கொண்டே நின்றது. அதைச் சுரண்ட வெந்நீர் வேண்டியிருந்தது.

படத்தை உரிக்கலாம். நாடகத்துக்குப் போகாதே என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பொலிஸ் வேசம் போட்டவனே அல்லவா நான்? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஒரு வழி தானாக வந்து சேர்ந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

மாமாவின் பெயரால்

கொழும்பிலிருந்து ஒரு சொந்தக்காரர் தொலைபேசி எடுத்தார். அம்மாவின் தமையன், எங்கள் மாமா, யாழ்ப்பாணத்தில் காலமாகிவிட்டார். நெஞ்சுவலி. வதனி அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. மாமா எங்களைத் தோளில் தூக்கித் திரிந்தவர். எந்தக் கூத்து, எந்தப் படம் என்றாலும் முதல் வரிசையில் இருப்பவர். அவர் லண்டனில் இருந்திருந்தால் வதனியின் நாடகத்துக்கு மூன்று நாளும் வந்திருப்பார்.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "முப்பத்தொரு நாள் துடக்கு."

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு இறப்பு நடந்தால் உறவினரைத் தொடர்கிற தீட்டுத்தான் துடக்கு. அது முடியும்வரை கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, மச்சம் மாமிசம் இல்லை. தகப்பன் வழி உறவு என்றால் எங்களுக்கு முப்பத்தொரு நாள். தாயின் சகோதரனுக்கு மூன்றே நாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கணக்கெல்லாம் பழகுமுன் வந்துவிட்ட வதனிக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்க அவளுக்கு வீட்டில் வேறு ஆளும் இல்லை.

நாடகத்துக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

"மாமாவுக்கும் முப்பத்தொண்டோ?" என்று கேட்டாள்.

"மாமாவுக்கும்தான். ஐயரிட்டைக் கேட்டனான்."

"அப்ப நாடகம்?"

"செத்தவீட்டுத் துடக்கோடை மேடையிலை ஏறி ஆடிப் பாடுறதோ? அம்மா கேள்விப்பட்டா என்ன நினைப்பா?"

மேசையில் காய வைத்திருந்த தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் வைத்தாள். அம்மாவின் பெயரையும் சேர்த்து இழுத்திருக்கத் தேவையில்லை. இழுத்தேன்.

பொய் சொல்வது லேசு, அதைக் கட்டிக் காப்பதுதான் பாடு. முப்பத்தொரு நாளும் வீட்டில் மரக்கறி. வதனி பத்தியமாக இருந்தாள்; மிஸிஸ் ஹார்ட்லியிடம் போய் விசயத்தைச் சொல்லிவிட்டு வகுப்பையும் நிறுத்தியிருந்தாள். எனக்கு இரண்டாம் கிழமையே நாக்குச் செத்துவிட்டது. பார்க்கிங் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பொரித்த கோழிக் கடை. அங்கே போய், சுவரைப் பார்த்து இருந்துகொண்டு தின்றுவிட்டு, விரலில் எண்ணெய் மணம் போகும்வரை கைகழுவிவிட்டு வீட்டுக்கு வருவேன். அந்த அமெரிக்கக்காரர் ஒளித்துக் குடித்தார்கள். நான் ஒளித்துக் கோழி தின்றேன்.

அந்த மூன்று நாள்

நாடகம் வியாழன், வெள்ளி, சனி. மாலை ஏழரை மணிக்குத் தொடக்கம்.

வியாழன் மாலை நான் கடையை ஆளிடம் விட்டுவிட்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். காவலுக்குத்தான் வந்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். வதனி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடிக்கொருதரம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். எட்டு மணி கழிந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இப்ப மணி அடிச்சிருக்கும்" என்றாள்.

"என்ன மணி?" என்று கேட்டேன், தெரியாதவன் மாதிரி.

"பொலிஸ் வாற மணி."

வெங்காயத்தைத் திரும்பக் கையில் எடுத்தாள். கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் என்று நினைத்துக்கொள்ள எனக்கு அது வசதியாக இருந்தது.

நான் கழுவிக் கொடுத்த போத்தல்கள் மூன்று நாளும் மேடையேறின. வதனி ஏறவில்லை. அவளுக்குப் பதிலாக அந்தப் பல் வைத்தியசாலைப் பெண், வசனம் எழுதிய தாள்களைத் தொப்பிக்குள் வைத்துப் பார்த்துப் பார்த்து நடித்தாளாம். இதைப் பிறகு கடைக்கு வந்த தபால்காரர் சொன்னார்.

துடக்கு முடிகிற தறுவாயில் வதனி ஒருநாள் சொன்னாள்: "ஆறு கிழமை ஒண்டாய் நிண்டு பாடின ஆக்கள். ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை அண்ணை."

"வெள்ளைக்காரர் அப்பிடித்தான்" என்றேன்.

இந்த நினைவுக் குறிப்புகளில் நான் எழுதுகிற எல்லாவற்றிலும் எழுதக் கை கூசுகிற வரி அதுதான். ஏனென்றால் அவர்கள் எட்டிப் பார்த்திருந்தார்கள்.

நாடகம் முடிந்த அடுத்த கிழமை மிஸிஸ் ஹார்ட்லி கடைக்கு வந்தார். வீட்டு முகவரி அவரிடம் இல்லை. மழையில் குடையை மடக்கிக்கொண்டு, என் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார். ஒரு கடித உறையைக் கொடுத்து வதனியிடம் சேர்க்கச் சொன்னார். அவர் போனதும் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை லில்லிப் பூப் படம் போட்ட அனுதாப அட்டை. குழுவில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதன் கீழே அவரே எழுதியிருந்தார்: மண்டபம் இன்னும் ஒரு சனிக்கிழமை கிடைத்திருக்கிறது, உன் துக்க நாட்கள் முடிந்த பிறகு. உனக்காக ஒருமுறை போடுகிறோம், எல்லோரும் சம்மதம், தொப்பிகள் தயார், ஒரு சொல் அனுப்பு.

கல்லாப் பெட்டிக்குக் கீழே இருந்த லாச்சியை இழுத்து அட்டையை அதற்குள் வைத்தேன். நாளைக்குக் கொடுப்போம் என்றுதான் முதலில் வைத்தேன். விம்பிள்டன் ஆட்கள் இன்னும் ஒரு முடிவும் சொல்லாத நேரம். நாளை நாளை என்று அந்தச் சனிக்கிழமையும் போய்விட்டது.

விம்பிள்டன் ஆட்கள் பிறகு வேறு இடத்தில் சரிவந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். சாதகம் பொருந்தவில்லையாம். சித்தப்பா மட்டும் தொடர்ந்து பிராந்திக்கு வந்தார்.

வதனி ஆங்கில வகுப்புக்குத் திரும்பிப் போகவில்லை. மிஸிஸ் ஹார்ட்லியைப் பார்க்கிங் சந்தைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் மாறிப் போய்விடுவாள் என்று பிறகு அறிந்தேன். அதன் பின் அவள் எந்த மேடையிலும் ஏறவில்லை. யோகனைக் கலியாணம் செய்தாள். தங்கமான மனிதன். மருந்துக் கடையில் வேலை, ஒரு மகள் அபி, நல்ல வாழ்க்கை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாட்டு.

இடைவேளை

அந்த நாடகம் விம்பிள்டனுக்கு வருகிறது என்று கண்டுபிடித்தவள் அபி. தாயின் பிறந்தநாளுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாள். யோகன் இருட்டில் இருத்தினால் பத்து நிமிடத்தில் குறட்டை விடுகிறவர். அபிக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட். ஆகவே என்னைப் பிடித்தாள்.

"மாமா, நீங்கதான் போகணும். அம்மா சொன்னா, யூ வேர் த பொலிஸ்மேன்!"

அந்தப் பேச்சுத்தான் என் வீட்டு மேசை லாச்சியைத் திறக்க வைத்தது. கடையை விற்றபோது அந்த அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். எறியவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை.

இடைவேளை விளக்குகள் எரிந்தன. இங்கே தியேட்டரில் இடைவேளைக்குச் சின்னச் சின்னப் பெட்டிகளில் ஐஸ்கிரீம் விற்பார்கள், மூடிக்குள்ளேயே ஒரு குட்டிக் கரண்டி இருக்கும். இரண்டு வாங்கி வந்தேன். வதனியின் கன்னம் சிவந்திருந்தது. ஐம்பது தாண்டிய பெண் இருபத்திரண்டு மாதிரி இருந்தாள்.

"அந்தப் பொலிஸை விட நீங்கள் நல்லாச் செய்தனீங்கள் அண்ணை" என்று சிரித்தாள்.

சிரிப்பைக் கண்டதும் எனக்குத் தாங்கவில்லை. சொன்னேன். "வதனி, மாமாவுக்கு மூண்டு நாள்தான் துடக்கு. முப்பத்தொண்டு இல்லை. நான் பொய் சொன்னனான்."

அவள் கரண்டியை எடுத்து ஐஸ்கிரீமைக் கிளறினாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்ப இருந்து?"

"பன்னிரண்டு வருசத்துக்கு முதல் கனடாவிலை அம்மாவின்ரை தம்பி, சின்ன மாமா செத்தபோது ஐயரிட்டைக் கேட்டனான். மூண்டு நாள் எண்டார். முப்பத்தொண்டு இல்லையோ ஐயா எண்டன். சிரிச்சார். உங்களிட்டையும் போன் எடுத்துக் கேட்டனான், ஞாபகம் இருக்கோ? 'இந்தக் காலத்திலை ஆர் உதெல்லாம் பாக்கினம்' எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டியள்."

ஞாபகம் இருந்தது.

"கொஞ்ச நாள் கோவமாத்தான் இருந்தது. பிறகு யோசிச்சன். உங்களுக்கும் அப்ப வயசில்லை. பாத்துச் சொல்ல ஒருத்தரும் இல்லை. அது முடிஞ்ச கதை அண்ணை. ஐஸ்கிரீம் உருகுது, சாப்பிடுங்கோ."

அவ்வளவுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே என்னை மன்னித்துவிட்டு அதை எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிம்மதி கிடைத்தவனுக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதி வேண்டும் போலிருந்தது. முழுதாகக் கழுவிவிட்டு எழும்ப வேண்டும் என்ற ஆசை. கோட்டுக்குள் கையை விட்டு உறையை எடுத்து நீட்டினேன்.

வதனி மூக்குக் கண்ணாடியைப் போட்டாள். லில்லிப் பூவைப் பார்த்தாள். பிரித்தாள். கையெழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனாள். கீழே எழுதியிருந்ததில் விரல் நின்றது. இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்ப அவை எனக்காகக் காத்துக்கொண்டு இருந்தவையோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"நான் ஒரு பதிலும் சொல்லேல்லை எண்டு நினைச்சிருப்பினம்."

கையிலிருந்த ஐஸ்கிரீமைக் கதிரைக்குக் கீழே வைத்தேன்.

"மிஸிஸ் ஹார்ட்லி செத்து நாலு வருசம். சந்தையிலை அவவைக் கண்டு எத்தினை தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பன்."

மணி அடித்தது. சனம் திரும்பி வந்து இருந்தது. அவள் அட்டையை உறைக்குள் வைத்து, உறையைக் கைப்பைக்குள் வைத்து, கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள். ஐஸ்கிரீம் கதிரைக்குக் கீழே உருகிக் கிடந்தது.

இரண்டாம் பாதியை நான் பார்க்கவில்லை. வதனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பாட்டு வந்தது. தொப்பிக் கடையில் எல்லோரும் போய்விட்டார்கள். ரூபி தனியாக நின்று, மேசையில் கிடந்த தொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் மாட்டிக்கொண்டு பாடினாள். எங்கள் சமையலறையில் அரிதட்டோடு கேட்ட அதே பாட்டு. எனக்கே பாதி வரி தெரியும். வதனியின் உதடுகள் அசையும் என்று காத்திருந்தேன்.

அசையவில்லை. கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தாள்.

திரை விழுந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவளும் எழுந்து தட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கோட்டைப் போடுங்கோ அண்ணை, வெளியிலை குளிர்" என்றாள்.

முப்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். இன்னும் ஒரு மணித்தியாலம் மூடிக்கொண்டிருந்தால், அவள் அந்தப் பாட்டையாவது பாடி முடித்திருப்பாள்.